முதியோர்க்குக் கற்பிப்போரும் கற்க வேண்டும்
(படிப்பு வட்டங்களுக்கான பாடம்)

சங்கத்தில் முதியோர் கல்வி வகுப்பு தொடங்குவது என்றால் நாம் முதலில் இடத்தைத் தேடுகிறோம். பிறகு கரும்பலகை, விளக்கு, புத்தகம், பலகை ஆகியவற்றிற்கு ஏற்பாடு செய்கிறோம். எழுத்தறியாத அங்கத்தினர்களின் பட்டியலை எழுதுகிறோம். இவ்வளவும் முடிந்த பின், "யாராவது படித்த பையன் ஒருவனைப் பிடித்துப் போடுங்கள்" என்று காரியதரிசியிடம் சொல்லிவிட்டு எழுந்து விடுகிறோம். கற்பிக்கப் போகிறவருக்கு முதியோர்க்குக் கற்பிக்கத் தெரியுமா, தெரியாவிடில் யார் சொல்லித் தருவது, சொல்லித் தருவதற்கு ஆகும் செலவு யாருடையது என்னும் வினாக்கள் நிர்வாக சபைக் கூட்டங்களில் எழுவது அரிது. இம்மாதப் பாடம் இவ்வினாக்களைப் பற்றியது.

நெசவாளர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. பாவு நன்றாக அமையாவிடின் எவ்வளவு நல்ல ஊடை நூலைக் கொடுத்தாலும் துணி ஒழுங்காக வராது. முதியோர் கல்விக்கு ஆசிரியரே பாவு.

1. என் அறிக்கையில் நேர்ந்த பிழை

பிறர் குறையைச் சொல்வதற்கு முன் என் குறையைச் சொல்லி விடுவது முறை. சில ஆண்டுகளுக்கு முன், நான் ஆய்வு செய்யச் சென்ற நெசவாளர் சங்கம் ஒன்றின் மாடியில் மாலை வகுப்பு நடந்து வந்தது. வருகைப் பதிவேட்டைக் கேட்டேன், கொடுத்தனர். இருபத்திரண்டு பெயர்கள் இருந்தன. ஒவ்வொரு நாளுக்கும் குறியிடப்பட்டிருந்தது. புத்தகம் வாங்கிய ரசீதும், மண்ணெண்ணெய் விளக்குக்குப் பதிலாகப் போட்ட மின்விளக்கின் ரசீதும் சரியாக இருந்தன. "முதியோர் கல்வி வகுப்பு ஒழுங்காக நடைபெறுகிறது" என்று அறிக்கையில் எழுதிக் கையொப்பமிட்டேன்.

இரண்டு திங்கள் சென்ற பின் வேறொரு வேலையாக மாலையில் அங்குப் போக நேர்ந்தது. மாடியில் ஆறு பேர் இருந்தனர். ஆசிரியர் மேல்நிலைப் பள்ளி முடித்த இளைஞர். அவர் ஓர் எழுத்தைச் சொல்ல, ஆறு பேரும் சேர்ந்து அதைத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தனர். கீழே இறங்கி வந்தபோது, திண்ணையில் அமர்ந்திருந்த அறுபது வயது மதிக்கத்தக்க நெசவாளி ஒருவர் தம் சிக்கன நிதிப் பாஸ் புத்தகத்தை என்னிடம் நீட்டினார்.

"ஐயா, இதில் என் கணக்கெல்லாம் ஏறியிருக்கிறதா, சற்றுப் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

பார்த்தேன். கூலியில் பிடித்தம் செய்யப்பட்டிருந்த இரண்டு மாதத் தொகைகள் புத்தகத்தில் ஏறவில்லை. பேரேட்டைச் சரிபார்த்தபோது அது எழுத்தரின் கவனக்குறைவு என்று தெரிந்தது, அன்றே திருத்தப்பட்டது. ஆனால் அப்பெரியவர் என்னிடம் நீட்டியிராவிடில் அது எப்போது வெளிப்பட்டிருக்கும்?

"பெரியவரே, மேலே வகுப்பு நடக்கிறதே, நீங்கள் போகவில்லையா?" என்று கேட்டேன்.

"போனேன் ஐயா, எட்டு நாள் போனேன். ஓர் எழுத்தில் தடுமாறினேன். வாத்தியார் தம்பி, தன் அக்காள் மகன் இதற்குள் எழுதிவிட்டான் என்று சொல்லிச் சிரித்தது. நாற்பது வருஷமாகத் தறியில் இருக்கிறேன். பாவில் ஓர் இழை அறுந்தால் கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன். படிப்பு வராமல் நின்றுவிடவில்லை ஐயா. அங்கே போய்ச் சிறு பிள்ளையாக உட்கார மனம் வரவில்லை."

அவருடைய பெயர் பதிவேட்டில் இருந்த இருபத்திரண்டில் ஒன்று. அவர் வாராத நாட்களுக்கும் குறியிடப்பட்டிருந்தது. நான் அதற்குச் சாட்சிக் கையொப்பம் இட்டிருந்தேன்.

அந்த இளைஞர் மீது கோபம் கொண்டு மாடியேறினேன். சிறிது நேரம் பேசிய பின் கோபம் தணிந்தது. அவருக்கு ஒரு புத்தகமும் ஒரு பெட்டிச் சுண்ணக்கட்டியும் கொடுத்திருந்தார்கள். ஒரு நாள் கூட்டத்திற்கு அழைத்துப் போய்த் திட்டத்தின் நோக்கங்களை வாசித்துக் காட்டியிருந்தார்கள். ஐந்து மாத மதிப்பூதியம் வரவில்லை. பெயர்கள் குறைந்தால் வகுப்பை மூடிவிடுவார்கள் என்று யாரோ சொன்னதால் குறியிட்டு வந்திருக்கிறார். "எனக்கு என்ன தெரியவில்லை என்று இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை, சார்" என்றார். தம்மைப் பள்ளியில் எவ்வாறு நடத்தினார்களோ அவ்வாறே அவர் பெரியவர்களை நடத்தினார். வேறு முறை ஒன்று உண்டு என்பதை அவர் அறிய வழியில்லை.

அவ்வூரில் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் இருந்தார். அறிவொளி இயக்கத்தில் பணியாற்றியவர். அவரைக் கேட்டுக்கொண்டதன் பேரில் நான்கு மாலைகள் வகுப்பில் உடன் அமர்ந்தார். எழுத்து வரிசையை ஒதுக்கிவிட்டு, பாஸ் புத்தகத்தையும் கூலிச் சீட்டையும் முதற்பாடம் ஆக்கச் சொன்னார். தங்கள் பெயர், தறியின் எண், 'நூல்', 'கூலி', 'பாக்கி' என்னும் சொற்களிலிருந்து எழுத்துகள் பிரிந்தன. ஆறு பேர் பதினான்கு பேர் ஆயினர். திண்ணையில் இருந்த பெரியவர் திரும்ப வரவில்லை. அவருடைய மனைவி வந்தார். இப்போது பாஸ் புத்தகத்தை அவ்வம்மையார் கணவருக்குப் படித்துக் காட்டுகிறார்.

கதை இங்கே முடிந்திருந்தால் மகிழ்ச்சியே. ஆனால் ஆறு திங்களில் அவ்விளைஞர் திருப்பூரில் ஒரு வேலை கிடைத்துப் போய்விட்டார். அவர் கற்றதெல்லாம் அவரோடு போயிற்று. அடுத்து வந்தவர் மீண்டும் எழுத்து வரிசையிலிருந்து தொடங்கினார். நல்லவர் ஒருவருடைய ஆர்வத்தால் ஒரு வகுப்பு சில நாள் நன்றாக நடக்கலாம். அவர் போன பின்னும் அது நன்றாக நடக்க வேண்டுமாயின் சங்கத்திற்கு ஒரு கொள்கை வேண்டும். இப்பாடத்தின் சாரம் இதுவே.

2. கூட்டுறவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

"கல்வி அரசாங்கத்தின் வேலை, நம் வேலை நூல் கொடுப்பதும் கடன் கொடுப்பதும்தானே" என்று சிலர் சொல்வர். கூட்டுறவின் வரலாறு இதற்கு மாறாக இருக்கிறது. 1844-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கடை தொடங்கிய முன்னோடிகளுள் நெசவாளர்கள் பலர். அவர்கள் சில ஆண்டுகளிலேயே தங்கள் உபரியில் நூற்றுக்கு இரண்டரை விகிதம் கல்விக்கென ஒதுக்கி, படிப்பறையும் நூலகமும் நடத்தினர். மாவும் வெண்ணெயும் விற்ற சிறு கடை, தன் அங்கத்தினரின் அறிவைக் கணக்கில் ஒரு செலவினமாக ஏற்றுக்கொண்டது. சர்வதேசக் கூட்டுறவுக் கூட்டணி 1995-இல் வெளியிட்ட ஏழு கொள்கைகளில் ஐந்தாவது, கல்வி, பயிற்சி, தகவல் என்பதாகும். அங்கத்தினர், தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள், மேலாளர், ஊழியர் ஆகிய அனைவர்க்கும் அதனை அளிக்க வேண்டும் என்று அக்கொள்கை கூறுகிறது.

கனடா நாட்டின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் அன்டிகோனிஷ் என்னும் ஊர் உண்டு. அங்குள்ள புனித பிரான்சிஸ் சேவியர் பல்கலைக்கழகம் 1928-இல் விரிவாக்கத் துறை ஒன்றைத் தொடங்கியது. மோசஸ் கோடி என்னும் பாதிரியார் அதற்குத் தலைவர். மீனவரும் உழவரும் சிறு சிறு படிப்புக் குழுக்களாகக் கூடித் தங்கள் தொழிலின் கணக்கைத் தாங்களே ஆராய்ந்தனர். அதன் விளைவாகக் கடன் சங்கங்களும் கூட்டுறவு விற்பனைச் சங்கங்களும் தோன்றின. நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. குழுக்களை நடத்தும் உள்ளூர்த் தலைவர்களை அப்பல்கலைக்கழகம் வெறுங்கையோடு விட்டுவிடவில்லை. அவர்களுக்கெனக் குறுகிய காலப் பயிற்சி வகுப்புகளையும் நடத்தியது.

எழுத்தறியாத அங்கத்தினர் சங்கத்தின் முழு உரிமையாளர் ஆக முடியாது. அவருக்கு ஒரு வாக்கு உண்டு. ஆனால் ஐந்தொகையைப் படிக்க முடியாதவர் அவ்வாக்கைப் பிறர் சொல்கேட்டுத்தான் அளிக்க வேண்டும். ஆகவே, முதியோர் கல்வி நம் சங்கங்களுக்குத் தருமம் அன்று. ஜனநாயக நிர்வாகத்தின் அடிப்படைச் செலவு.

3. நம் நாட்டின் அனுபவம்

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிவு பெற்றோர் நூற்றுக்கு ஏறத்தாழ 80. பெண்களில் ஏறத்தாழ 73. இந்நிலையை எய்துவதற்குப் பள்ளிக்கூடங்களோடு முதியோர் கல்வி இயக்கங்களும் துணை நின்றன. ஒவ்வோர் இயக்கமும் ஆசிரியர்களை எவ்வாறு நடத்தியது என்று பார்த்தால் நமக்குப் பாடம் கிடைக்கும்.

1967-68-இல், உயர் விளைச்சல் விதைகள் வந்த காலத்தில், உழவர்க்கான செயல்முறை எழுத்தறிவுத் திட்டம் தொடங்கிற்று. விதை, உரம், நீர் ஆகியவற்றைப் பற்றிய செய்தியும் எழுத்தும் ஒன்றாகக் கற்பிக்கப்பட வேண்டும் என்பது அதன் கருத்து. கருத்து நல்லது. ஆனால் இத்தகைய வகுப்பை நடத்துகிறவர் எழுத்தையும் அறிந்திருக்க வேண்டும், வேளாண்மையையும் அறிந்திருக்க வேண்டும். இரண்டையும் ஒருவரிடத்தில் இணைப்பது பயிற்சியாலன்றி இயலாது.

1978 அக்டோபர் 2-இல் தேசிய முதியோர் கல்வித் திட்டம் தொடங்கியது. 15 முதல் 35 வயது வரையுள்ள 10 கோடிப் பேருக்குக் கல்வி அளிப்பது குறிக்கோள். மையம் ஒன்றுக்கு ஏறத்தாழ 30 பேர். சுமார் 30 மையங்களுக்கு ஒரு மேற்பார்வையாளர். கற்பிப்போருக்கு மாதம் 50 ரூபாய் மதிப்பூதியம். முப்பது மையங்களைச் சுற்றி வர வேண்டிய மேற்பார்வையாளர் பதிவேட்டைப் பார்ப்பாரா, பாடத்தைப் பார்ப்பாரா? நான் ஒரு மையத்திலேயே பதிவேட்டை மட்டும் பார்த்துவிட்டு வந்தவன். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

1988 மே 5-இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தோன்றியது. ஊதியமில்லாத் தொண்டர்கள் பெருந்திரளாகக் களத்தில் இறங்கினர். 1990 பிப்ரவரியில் எர்ணாகுளம் நாட்டிலேயே முழு எழுத்தறிவு பெற்ற முதல் மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. 1991 ஏப்ரலில் கேரளம் முழுவதும் அவ்வாறு அறிவிக்கப்பட்டது. நம் மாநிலத்தில் அறிவொளி இயக்கம் எழுந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் எழுத்தோடு சைக்கிள் ஓட்டவும் கற்ற பெண்களை நாடே அறியும். அவ்வியக்கத்தின் வேகத்திற்கு இணை இல்லை. ஆயினும் அதன் பயிற்சி முறை அடுக்கடுக்கானது. கருத்தாளர் முதன்மைப் பயிற்சியாளருக்குச் சொல்வார். அவர் தொண்டருக்குச் சொல்வார். வாய்க்காலின் தலைப்பில் திறந்த நீர் கடைமடைக்கு எவ்வளவு வந்து சேரும் என்பதை உழவர்கள் அறிவர். இயக்கம் ஓய்ந்த இடங்களில், கற்றவர்களுட் பலர் பயிற்சியின்மையால் எழுத்தை மறந்தனர். கற்பித்தவர்களும் தாம் பெற்ற திறமையைப் பயன்படுத்த வழியின்றிக் கலைந்தனர்.

2009 செப்டம்பர் 8-இல் சாட்சர் பாரத் திட்டம் தொடங்கிற்று. தமிழ்நாட்டில் அது கற்கும் பாரதம் எனப்பட்டது. ஊராட்சி தோறும் அமைக்கப்பட்ட மையத்தில் இரண்டு ஊக்குநர்கள் மாதம் 2,000 ரூபாய் மதிப்பூதியத்தில் பணியாற்ற வழி செய்யப்பட்டது. 2018 மார்ச்சில் அத்திட்டம் முடிவுற்றபோது ஊக்குநர்களின் பணியும் முடிவுற்றது. பின்னர், 2022 முதல் 2027 வரையிலான ஐந்து நிதியாண்டுகளுக்கு, 1,037.90 கோடி ரூபாயில், 15 வயதிற்கு மேற்பட்டோர்க்குப் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் வகுக்கப்பட்டது. இதிலும் கற்பிப்போர் தொண்டர்களே.

இவ்வரலாற்றில் திட்டங்கள் வந்தன, போயின. ஒவ்வொரு முறையும் ஆசிரியர் புதிதாகத் தேடப்பட்டார், அவசரமாகப் பயிற்றப்பட்டார், திட்டம் முடிந்ததும் மறக்கப்பட்டார். நல்ல நெசவாளி ஒருவரை உருவாக்கிவிட்டு, அடுத்த பாவுக்குத் தறியறியாத ஒருவரைத் தேடும் சங்கத்தை நாம் என்னவென்று சொல்வோம்?

இக்குறையை உலகம் அறியாமல் இல்லை. 1976-இல் நைரோபியில் யுனெஸ்கோ மாநாடு ஏற்றுக்கொண்ட முதியோர் கல்விப் பரிந்துரையில், இப்பணியில் ஈடுபடுவோரின் பயிற்சியையும் நிலைமையையும் பற்றித் தனிப் பகுதியே உண்டு. 2015-இல் அதற்குப் பதிலாக வந்த புதிய பரிந்துரையும், 2022-இல் மொராக்கோவின் மராக்கேஷ் நகரில் நடந்த ஏழாம் சர்வதேச மாநாடும், முதியோர்க்குக் கற்பிப்பதை ஒரு தொழில் திறமையாக மதித்து வளர்க்க வேண்டும் என்று வற்புறுத்தின. பரிந்துரைகள் மேலே இருக்கின்றன. கடைமடையில் அவற்றை நடப்பிக்க வேண்டியவர்கள் நாம்.

4. ஆசிரியர் எவற்றை அறிதல் வேண்டும்?

கொள்கை வகுப்பதற்கு முன், முதியோர் ஆசிரியருக்கு என்ன தெரிய வேண்டும் என்பதை நிர்வாக சபை தெளிவாக உணர வேண்டும். நான்கு செய்திகளைக் குறிப்பிடலாம்.

முதலாவது, முதியவர் வெறும் பாத்திரம் அல்லர். அவரிடம் கணக்கு உண்டு, நினைவாற்றல் உண்டு, தொழிலறிவு உண்டு. சிட்டத்தையும் இழையையும் மனத்தால் கணக்கிடுபவருக்கு எண்ணின் வடிவம்தான் புதிது, எண் புதிதன்று. ஆசிரியர் அவருக்குத் தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போக வேண்டும். பிரேசில் நாட்டில் பாவ்லோ பிரெய்ரே 1963-இல் அங்கிகோஸ் என்னும் ஊரில் தொழிலாளர்க்கு எழுத்தறிவித்தபோது, அவர்களுடைய அன்றாட வாழ்விலிருந்து எடுத்த சொற்களையே பாடமாக வைத்துப் பேச்சும் எழுத்துமாகக் கற்பித்தார்.

இரண்டாவது, மரியாதை. குழந்தையை அதட்டினால் அழுதுவிட்டு மறுநாள் வரும். முதியவரை அதட்டினால் அவர் அழுவதில்லை. மறுநாள் வருவதும் இல்லை.

மூன்றாவது, உடல் நிலை. நாற்பது வயதிற்கு மேல் பெரும்பாலோர்க்குக் கிட்டப் பார்வை மங்கும். சிறு எழுத்து தெரியாமல் தடுமாறுகிறவரை மந்தமானவர் என்று எண்ணிவிடுவது எளிது. விளக்கு எங்கே இருக்க வேண்டும், எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், யாருக்குக் கண்ணாடி தேவை என்பனவற்றைக் கவனிக்க ஆசிரியர் பழக வேண்டும். பகலெல்லாம் தறியிலும் வயலிலும் உழைத்தவர் மாலையில் எவ்வளவு நேரம் கவனம் செலுத்த முடியும் என்பதும் இதில் அடங்கும்.

நான்காவது, முன்னேற்றத்தை அளத்தல். பரீட்சை வைத்து அச்சுறுத்துவது வேறு. கற்றவர் தமக்குத் தாமே தம் வளர்ச்சியைக் காணச் செய்வது வேறு. இம்மாதம் தம் கூலிச் சீட்டில் எவ்வளவு படிக்க முடிந்தது என்று ஒருவர் தாமே சொல்லும்படி செய்வது சிறந்த அளவுகோல்.

இந்நான்கையும் ஒரு நாள் சொற்பொழிவில் கற்க இயலாது. நீச்சலைக் கரையில் நின்று கேட்டுக் கற்றவர் யாரும் இல்லை.

5. கொள்கையின் ஆறு உறுப்புகள்

கொள்கை என்றவுடன் தடித்த புத்தகம் ஒன்றை நினைக்க வேண்டாம். யார், எதை, எப்போது, எவர் செலவில், எவருக்குப் பொறுப்பாகச் செய்வது என்பதை முன்கூட்டியே முடிவு செய்து எழுதி வைப்பதே கொள்கை. நம் அளவில் அதற்கு ஆறு உறுப்புகள் போதும்.

(அ) தேர்வு. படிப்பின் அளவை மட்டும் பார்த்தல் கூடாது. அங்கத்தினரின் தொழிலை அறிந்தவராகவும், பெரியவர்களோடு பழகத் தெரிந்தவராகவும் இருத்தல் வேண்டும். பெண் அங்கத்தினர் மிகுந்த இடத்தில் பெண் ஆசிரியர் வேண்டும். ஒருவரை மட்டும் நம்பாமல், எப்போதும் துணையாசிரியர் ஒருவரையும் பழக்கி வர வேண்டும்.

(ஆ) தொடக்கப் பயிற்சி. வகுப்பை ஏற்பதற்கு முன் சில நாட்களேனும் நன்றாக நடைபெறும் வேறொரு வகுப்பில் அமர்ந்து பார்த்தலும், அனுபவமுள்ளவர் முன் தாமே பாடம் நடத்திக் காட்டுதலும் கட்டாயம் ஆதல் வேண்டும்.

(இ) தொடர் பயிற்சி. இதுவே உயிர்நாடி. அண்டையிலுள்ள நான்கைந்து சங்கங்களின் ஆசிரியர்கள் மாதம் ஒரு முறை கூட வேண்டும். அக்கூட்டத்தில் சொற்பொழிவு வேண்டாம். ஒவ்வொருவரும் தமக்கு நேர்ந்த ஓர் இடர்ப்பாட்டைச் சொல்ல வேண்டும். ஒருவர் ஒரு பாடத்தை நடத்திக் காட்ட வேண்டும். மற்றவர்கள் கண்டதைச் சொல்ல வேண்டும். அடுத்த மாதத்தில் செய்து பார்ப்பதற்கு ஒரு மாற்றத்தை முடிவு செய்ய வேண்டும். மறு கூட்டம் அம்மாற்றத்தின் பலனைக் கேட்பதில் தொடங்க வேண்டும்.

(ஈ) வகுப்பறைத் துணை. அனுபவமுள்ள ஒருவர் மாதம் ஒரு மாலையேனும் வகுப்பில் உடன் அமர வேண்டும். அவர் குற்றம் காணும் அதிகாரியாக வரலாகாது. அவர் கண்ட குறைகள் ஆசிரியரின் ஊதியத்தையோ பதவியையோ பாதிக்கா என்று எழுத்தில் உறுதி கூற வேண்டும். அஞ்சுகிறவர் குறையை மறைப்பார். மறைத்த குறை திருந்தாது. பொய்ப் பதிவேடு உண்டாவது இவ்வாறுதான்.

(உ) ஊதியமும் உயர்வும். மதிப்பூதியம் சிறிதாயினும் குறித்த நாளில் சேர வேண்டும். பயிற்சிக்குச் செல்லும் நாளில் இழக்கும் கூலியை ஈடு செய்ய வேண்டும். ஆண்டு தோறும் பெற்ற பயிற்சியை எழுதிய சான்றுப் புத்தகம் ஒன்று அவரிடம் இருக்க வேண்டும். துணையாசிரியர் ஆசிரியராகவும், ஆசிரியர் பயிற்சியாளராகவும் உயர வழி இருக்க வேண்டும். சங்கத்தில் எழுத்தர் வேலை காலியாகும்போது, விதிகள் இடம் தருமாயின், இவர்களையும் கருதலாம்.

(ஊ) ஆசிரியரின் குரல். என்ன பயிற்சி வேண்டும் என்பதை ஆசிரியரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். கல்விக் குழுவில் ஆசிரியர் ஒருவரும், படிக்கும் அங்கத்தினர் இருவரும் இடம் பெற வேண்டும். செருப்பு எங்கே கடிக்கிறது என்பது போட்டவருக்குத்தான் தெரியும்.

6. பணத்திற்கு எங்கே போவது?

இவ்வினா நியாயமானது. ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். 350 அங்கத்தினர் உள்ள சங்கம் ஒன்றில் இரண்டு ஆசிரியர் இருக்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். மாதக் கூட்டத்திற்குப் பயணமும் கூலி ஈடுமாக ஒருவருக்கு 500 ரூபாய் எனின், ஆண்டுக்கு 12,000 ரூபாய். வகுப்பில் உடன் அமரும் பயிற்சியாளருக்கு மாதம் 1,000 ரூபாய் எனின், ஆண்டுக்கு 12,000 ரூபாய். பாடப் பொருள்களுக்கு 4,000 ரூபாய். ஆக மொத்தம் 28,000 ரூபாய். அங்கத்தினர் ஒருவருக்கு ஆண்டுக்கு 80 ரூபாய். உங்கள் சங்கத்தின் எண்ணிக்கைகளை இட்டு இக்கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

இலாபம் ஈட்டும் சங்கங்கள் கல்வி நிதிக்குப் பங்கு செலுத்துகின்றன. அந்நிதியிலிருந்து ஆசிரியர் பயிற்சிக்கு உதவி பெற இயலுமா என்று ஒன்றியத்திடம் எழுதிக் கேட்கலாம். நலிந்த சங்கங்கள் தனித்து நில்லாமல் நான்கைந்து சேர்ந்து ஒரு பயிற்சியாளரை அமர்த்திக்கொள்ளலாம். தனியொருவரால் ஆகாததைப் பலர் கூடிச் செய்வதற்காகத்தானே சங்கம் வைத்தோம்.

பயிற்சியளித்த பின் ஆசிரியர் வேறு வேலைக்குப் போய்விட்டால் பணம் வீண்தானே என்று கேட்பாரும் உளர். போவார், போகலாம். அவருடைய இடத்தில் துணையாசிரியர் நிற்பாரானால், மாதக் கூட்டத்தின் குறிப்புகள் சங்கத்தில் இருக்குமானால், அவரோடு அறிவு முழுவதும் போகாது. பயிற்சி பெறாதவர் பத்தாண்டுகள் நிலைத்திருந்து ஒவ்வோர் ஆண்டும் பெரியவர்களை வீட்டிற்குத் திருப்பி அனுப்புவதைக் காட்டிலும் இந்நட்டம் சிறிது.

7. மாதிரித் தீர்மானம்

பின்வரும் வாசகத்தைத் தேவைக்கேற்பத் திருத்தி, நிர்வாக சபையின் முன்னும் பொதுச்சபையின் முன்னும் வைக்கலாம்:

"சங்கத்தின் முதியோர் கல்வி ஆசிரியர்கள் பணியை ஏற்கு முன் தொடக்கப் பயிற்சியும், பணியின்போது மாதம் ஒரு முறை தொடர் பயிற்சியும் பெற வேண்டும் எனவும், அப்பயிற்சிக்கு ஆகும் செலவையும் கூலி ஈட்டையும் சங்கம் ஏற்கும் எனவும், மதிப்பூதியம் ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் வழங்கப்படும் எனவும், ஆசிரியர் ஒருவர், கற்கும் அங்கத்தினர் இருவர், நிர்வாக சபை உறுப்பினர் இருவர் ஆகிய ஐவர் கொண்ட கல்விக் குழு இதனை மேற்பார்வை செய்து, ஆண்டுப் பொதுச்சபையில் அறிக்கை அளிக்கும் எனவும் தீர்மானிக்கப்பட்டது."

அறிக்கையில் பெயர்களின் எண்ணிக்கை மட்டும் போதாது. மூன்று வினாக்களுக்கு விடை இருத்தல் வேண்டும்: கற்றவர்கள் தாங்களே எவற்றைச் செய்ய முடிகிறது? நின்றுவிட்டவர்கள் யார், ஏன் நின்றனர்? ஆசிரியர் இவ்வாண்டு புதிதாக என்ன கற்றார்? அந்த மாலைக்குப் பின் நானும் ஆய்வுக்குச் செல்லும் இடங்களில் பதிவேட்டை மூடி வைத்துவிட்டு இம்மூன்றையும் கேட்டு வருகிறேன். நின்றுவிட்டவர்களுள் ஒருவரையேனும் வீட்டிற்குச் சென்று பார்த்த பின்னரே கையொப்பம் இடுகிறேன்.

8. படிப்பு வட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

(1) நம் சங்க அங்கத்தினருள் தம் பாஸ் புத்தகத்தைத் தாமே படித்தறிய இயலாதவர் எத்தனை பேர்? அவர்களைப் புண்படுத்தாமல் இதனை அறிவது எவ்வாறு?

(2) வகுப்புக்கு வந்து நின்றுவிட்டவர் ஒருவரை அறிவீர்களா? அவர் சொல்லும் காரணம் என்ன?

(3) நம் தொழிலிலிருந்து முதற்பாடத்திற்கு ஏற்ற பத்துச் சொற்களைத் தேர்ந்தெடுங்கள். நெசவாளர் ஒரு பட்டியலும், உழவர் ஒரு பட்டியலும் செய்க.

(4) நம் ஆசிரியருக்கு எதில் உதவி வேண்டும் என்று அவரைக் கேட்டிருக்கிறோமா? அடுத்த கூட்டத்திற்கு அவரை அழைத்துக் கேளுங்கள்.

(5) மேற்கண்ட உதாரணக் கணக்கை நம் சங்கத்தின் எண்ணிக்கைகளைக் கொண்டு போட்டுப் பாருங்கள். எந்தச் செலவைக் குறைக்கலாம்? எதைக் குறைக்கலாகாது?

(6) அண்டையிலுள்ள எந்தச் சங்கங்களோடு சேர்ந்து மாதக் கூட்டத்தை நடத்தலாம்?

இவ்வினாக்களை ஒரே மாலையில் முடித்துவிட வேண்டுவதில்லை. நான்காவது வினாவிலிருந்து தொடங்குவது நலம். ஆசிரியர் தயங்குவாராயின், நாம் முதலில் நம் தவறு ஒன்றைச் சொல்லிவிட்டால் அவரும் தமது இடர்ப்பாட்டைச் சொல்வார்.